வீடு வாங்கும் முன் தரகரை அறிவோம்

கௌதள்ளி, கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிறந்தபோது அதனுடன் போனது. இந்தப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு.

வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் நிலத்தின் காகிதங்கள் கன்னடத்தில் இருக்கும். அதனால் முதல்முறை வீடோ மனையோ வாங்குகிறவர் தரகரின் வாய்ச் சொல்லை நம்பி விடுகிறார். பல வருடம் கூலி வேலை செய்து சேர்த்த பணம் ஒரே நாளில் கை மாறிவிடுகிறது.

தரகரின் வேலை என்ன?

தரகர் இடத்தைக் காட்டுவார். விலை பேசி முடிப்பார். அதற்குத் தரகுப் பணம் வாங்குவார். நூற்றுக்கு 1 ரூபாய் அல்லது 2 ரூபாய் என்று கேட்பது வழக்கம். 3 லட்ச ரூபாய் மனைக்கு நூற்றுக்கு 2 என்றால் தரகு 6,000 ரூபாய். இதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். இடம் யாருடையது என்பதற்குத் தரகர் பொறுப்பாளி அல்ல. அதைக் காகிதம்தான் சொல்லும்.

நல்ல தரகர் யார்?

“அண்ணே, உடைமையாளரை நேரில் பார்க்கணும். காகிதத்தின் நகல் வேணும்” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல தரகர் இரண்டையும் செய்வார். “இன்றைக்கே முன்பணம் கொடுங்கள், நாளைக்கு வேறு ஆள் வாங்கிவிடுவார்” என்று அவசரப்படுத்துகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் முன்பு வாங்கிக் கொடுத்த இரண்டு வீட்டுக்காரர்களிடம் விசாரியுங்கள்.

நகரங்களில் மனைப் பிரிவு போட்டு விற்பவர்களுக்கு 2016-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. அதை ‘ரேரா’ என்பார்கள். அந்தச் சட்டத்தில் பதிவான மனைப் பிரிவை விற்றுத் தரும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். மைசூரிலோ வேறு நகரத்திலோ மனை வாங்கினால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கிராமத்தில் பழைய வீட்டை விற்றுத் தருகிற தரகரிடம் இந்த எண் இருக்காது. அங்கே நாமே கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

என்ன காகிதம் பார்ப்பது?

1. பஹணி. விளைநிலம் யார் பெயரில், எவ்வளவு இருக்கிறது என்று இது சொல்லும். விளைநிலத்தை மனையாக மாற்றி விற்றால், பொதுவாக அதற்கு மாவட்ட ஆட்சியரின் உத்தரவு வேண்டும்.

2. ஊராட்சிப் பத்திரம். ஊருக்குள் உள்ள வீடு, மனைக்கு ஊராட்சி ‘இ-ஸ்வத்து’ முறையில் கணினிப் பத்திரம் தருகிறது.

3. வில்லங்கச் சான்று. இதை ஈ.சி. என்றும் சொல்வார்கள். இடத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை இதில் தெரியும். 30 வருடத்துக்கு எடுப்பது நல்லது.

அரசு கொடுத்த நிலமா என்றும் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை, அரசின் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. 1978-இல் வந்த கர்நாடகச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மீறி வாங்கினால் இடமும் போகலாம், பணமும் போகலாம்.

கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் விற்பவரின் ஆளாகவோ தரகரின் ஆளாகவோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பணம் எப்போது?

காகிதம் பார்த்த பிறகே முன்பணம். அதையும் உடைமையாளர் பெயருக்கே வங்கி வழியாகக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் மட்டும் போதாது. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் கொடுத்து விற்றால் இடம் சொந்தமாகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சார் பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவானால்தான் இடம் நம்முடையது. பிறகு ஊராட்சியில் பெயர் மாற்றவும் மறக்காதீர்கள்.

தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை. நம் கையெழுத்தைப் போடும் முன், எதில் போடுகிறோம் என்று தெரிந்துகொள்வோம்.

சிந்திப்போம்:
உங்கள் வீட்டுக் காகிதம் யார் பெயரில் இருக்கிறது?
வீட்டில் உள்ள பெண்களின் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்தால் என்ன நன்மை?