பிறந்த ஊரும் பேயும்

அச்சந்தரும் கதைகளை இலக்கியமென ஏற்க அறிஞர் பலர் தயங்குவர். இரவிற் படித்துப் பகலில் மறக்கத்தக்கவை அவை என்பது அவர்தம் கருத்து. ஆயினும், தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காம் என்றார். அந்நான்கனையும் அளவுகோலாகக் கொண்டு, அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 1986-இல் வெளியிட்ட ‘இட்’ என்னும் நாவலை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

‘இட்’ என்பதற்கு ‘அது’ என்பது பொருள். அவன் என்றேனும் அவள் என்றேனும் சுட்டலாகாத, தனக்கென ஒரு வடிவும் காட்டாத ஒன்றை அஃறிணைச் சுட்டினாலேயே ஆசிரியர் குறித்தமை கருதத்தக்கது. கதை நிகழும் டெரி என்பது மெய்ன் மாகாணத்தில் உள்ளதாகப் புனையப்பட்ட சிற்றூர். அம் மாகாணத்திலேயே 1947-இல் பிறந்த ஆசிரியர், தாம் குடியேறி வாழ்ந்த பாங்கர் நகரைப் பெரிதும் தழுவியே அதனைப் படைத்தார்.

கதைச் சுருக்கம் வருமாறு: ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகட்கு ஒருமுறை ‘அது’ விழித்தெழுந்து டெரியின் குழந்தைகளைக் கொல்லும். 1958-ஆம் ஆண்டுக் கோடையில், பதினோரு வயதினரான எழுவர் ஒன்றுகூடி அதனை எதிர்த்து வீழ்த்துகின்றனர். அது மீண்டெழின் தாமும் மீள்வதாகச் சூளுரைக்கின்றனர். பின்னர் அறுவர் ஊரை விட்டகன்று, செல்வமும் புகழும் எய்தி, நிகழ்ந்ததனை அறவே மறந்தொழிகின்றனர். ஊரிலேயே தங்கி நூலகத் தலைவனான மைக் ஹான்லன் ஒருவனே நினைவுடையவனாகின்றான். 1985-இல் அவன் தொலைபேசி வாயிலாக அறுவரையும் அழைக்கின்றான். நினைவு திரும்புதலைத் தாங்கலாற்றாது ஒருவன் உயிரை மாய்த்துக்கொள்கின்றான். ஏனையோர் ஊர் திரும்புகின்றனர்.

இனி அச்சத்தின் நிலைக்களன்களை நோக்குவாம். கோமாளி வடிவில் வந்து சிறுவரை அழைக்கும் ‘அது’ அணங்கின் பாற்படும். ஓநாய் மனிதனாகவும் பெரும் பறவையாகவும் தோன்றுமிடத்து விலங்கச்சம் விளங்கும். தீத்தொழிலாளராகிய கள்வரின் இடத்தைச் சிறுவரை அடித்துத் துன்புறுத்தும் ஹென்றி பௌவர்ஸ் என்பானும் அவன் கூட்டாளிகளும் பெறுகின்றனர். நான்காவதாகிய தம் இறை, அஃதாவது தம்மை ஆளும் உரிமையுடையோர், இந்நாவலில் பெற்றோரும் பெரியோருமே ஆவர். இந்நான்காவதே ஏனை மூன்றினும் கொடியது. என்னை? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். பெவர்லி என்னும் சிறுமியின் வீட்டுக் கழுநீர்த் தொட்டியினின்று குருதி பீறிட்டு அறையெங்கும் தெறிக்கின்றது. அவள் தந்தை அவ்வறையினுள் நின்றும் அதனைக் காணார். அவளுடைய தோழர்களோ காண்கின்றனர். கண்டு, அவளுடன் கூடித் துடைத்துத் தூய்மை செய்கின்றனர். பெரியோர் காணாதது கண்ணின் குறையன்று. காணாதிருக்கப் பழகிய நெஞ்சின் குறை என்பது இதனாற் பெறப்படும்.

இக்குறை ஊர் முழுதும் பரவியது என்பதற்கு மைக் எழுதிவைக்கும் ஊர் வரலாறே சான்று. பாங்கர் நகரில் 1937-இல் பிராடி என்னும் கொள்ளைக் கூட்டத்தைக் கூட்டாட்சிக் காவலர் தெருவிற் சுட்டு வீழ்த்தினர் என்பது மெய்வரலாறு. ஆசிரியர் அதனை 1929-ஆம் ஆண்டிற்கு மாற்றி, பெயரையும் பிராட்லி எனத் திரித்து, சுட்டவர் காவலரல்லர், ஊராரே என்று அமைத்தார். சுட்டபின் அவர்கள் தாம் அன்று ஊரிலேயே இல்லையெனச் சாதிக்கின்றனர். நீக்ரோப் போர்வீரர்களின் கேளிக்கை மன்றம், நிறவெறியரால் தீக்கிரையாக்கப்பட்ட செய்தியும் இந்நாவலில் வருகின்றது. அதனையும் ஊர் விழுங்கி ஏப்பமிட்டது. அத்தீயினின்று தப்பியோருள் ஒருவர் மைக்கின் தந்தை. மறக்க இயலாத மரபில் வந்தவனே நினைவின் காவலனாகின்றான்.

எனவே, பேய் ஊரைக் கெடுத்ததா, ஊர் பேயை வளர்த்ததா என்னும் வினா எழுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதே ஆசிரியர் கருத்தெனத் தோன்றுகின்றது. வெளியூர்ப் பேய் எத்துணைக் கொடியதாயினும், கதவைத் தாழிட்டுத் தப்பலாம். அண்டை வீட்டார் முகந்திருப்பிக்கொள்வாராயின், தாழ் என் செய்யும்?

நூலிற் குறைகளும் உள. ஆயிரத்து நூறு பக்கங்கட்கு மேல் நீண்டு, சிலவிடங்களில் படிப்போர் பொறுமையைச் சோதிக்கின்றது. அருவருப்பை அச்சமென மயங்கிய பகுதிகளும் சில. ஆயினும் இறுதிப் பகுதி இக்குறைகளை மறைத்து நிற்கின்றது. ‘அது’ அழிந்தபின், மீண்டும் மறதி சூழ்கின்றது. மைக்கின் குறிப்பேட்டில் தோழர்களின் பெயர்களும் மங்கி மறைகின்றன. வெற்றியின் பின்னரும் மறதி தோற்கவில்லை என்பது, இந்நாவலின் பேய்த்தோற்றங்கள் அனைத்தினும் நெஞ்சை நடுக்குவது.

கல்வியின் பொருட்டு ஊரை விட்டகன்ற மாணவர்க்கு இந்நாவல் வேற்று நாட்டுக் கதையாக மட்டும் அமையாது. அகன்றோர்க்கு ஊரின் இனிமையை நினைப்பது எளிது. அங்குக் கண்டும் காணாதது போல் கடந்த கொடுமையை நினைப்பது அரிது. அவ்வரியதனையே மைக் ஹான்லன் இருபத்தேழு ஆண்டுகள் தனித்திருந்து செய்தான். அவன் கையில் வாளில்லை. ஒரு குறிப்பேடே இருந்தது.