கம்புக்கு முன்னால் காலடி

பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் முடிந்தால் கைப்பேசி. பிள்ளை ஓடியாட நேரம் ஏது? 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காமல், ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து ஒதுங்கிவிட்ட பிள்ளைகளுக்குச் சிலம்பம் நல்ல வழி. இங்கே யாரையும் வெளியே உட்கார வைப்பதில்லை.

வியர்க்க வைப்பது எது?

பார்ப்பவர் கண் கம்பின் மேல் இருக்கும். ஆசானின் கண்ணோ காலின் மேல். முழங்காலை லேசாக மடக்கி, முன்னே ஓரடி, பின்னே ஓரடி, திரும்பி ஓரடி. பத்து நிமிடம் காலடி போட்டாலே தொடை கெஞ்சும். பிறகுதான் கம்பு. சுற்றத் தொடங்கியதும் மணிக்கட்டும் தோளும் வேலை செய்யும். வலது கைக்குப் பழகியதை இடது கையும் பழகியாக வேண்டும். முதலில் கம்பையே பார்த்துக்கொண்டு தன் முழங்காலிலேயே தட்டிக்கொள்ளும் பிள்ளை, நாளடைவில் எதிரே பார்த்தபடி சுற்றும். கையும் காலும் கண்ணும் ஒத்துப்போவது அப்போதுதான்.

வெட்டவெளியில் பழகுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் தினமும் நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது.

எப்போது சேர்க்கலாம்?

வயதைவிட, ‘நில்’ என்றால் நிற்கத் தெரிகிறதா என்று பாருங்கள். சிறுவர்களுக்குக் கனமான மூங்கில் வேண்டாம், மெல்லிய பிரம்பு போதும். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, இன்ஹேலரைப் பையில் வைத்து அனுப்புங்கள். அதற்காக வீட்டிலேயே உட்கார வைக்க வேண்டியதில்லை.

அடி படுமே?

படும். பெரும்பாலும் விரலிலும் கணுக்காலிலும். தனியாகச் சுற்றுவதில் ஆபத்து குறைவு. எதிராளியோடு மோதும்போதுதான் கூடுகிறது. தற்காப்புக் கலைகள் குறித்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையும் தொட்டு மோதாத பயிற்சியையே பாதுகாப்பானதாகச் சொல்கிறது. தலைக்கவசம் போட்டாலும் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தலையில் அடிபட்டபின் வாந்தி, தலைவலி, மயக்கம், குழறல் எது வந்தாலும் பயிற்சியை அத்தோடு நிறுத்தி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சான்றிதழ் ஆசை

அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்லதுதான். ஆனால் ‘உலக சாதனை’ என்று சொல்லி, சின்னஞ்சிறுசுகளை வெயிலில் மணிக்கணக்கில் நிற்காமல் சுற்ற வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உடலில் நீர் வற்றும். ஒரே அசைவால் தோளும் மணிக்கட்டும் வீங்கும். அந்தச் சான்றிதழால் பிள்ளையின் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை.

கட்டணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். கம்பு சுழலும்போது அடுத்த பிள்ளை எட்டாத தூரத்தில் நிற்கிறதா? தண்ணீர் குடிக்க விடுகிறார்களா? ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் ஆடுவது எவ்வளவு, வரிசையில் காத்து நிற்பது எவ்வளவு? நிற்பதே அதிகம் என்றால் வேறு ஆசானைத் தேடுங்கள்.