அவசரக்கார இஞ்சினீயர்

வெண்கலப் பானையிலிருந்து இறக்கிய பொங்கல் ஓரத்தில் ஆறிவிடும். நடுவில் விரலை வைத்தால் சுடும். நான் சொல்லியா உங்களுக்குத் தெரியவேண்டும்? அமெரிக்காவில் கொலராடோ நதியின் குறுக்கே 726 அடி உயர ஹூவர் அணையைக் கட்டியவர்களுக்கும் இதே சங்கடம்தான். காங்கிரீட் இறுகும்போது சூடு பிறக்கும். அவ்வளவையும் ஒரே வார்ப்பாக வார்த்திருந்தால், ஆறுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதற்குள் வெடிப்பும் கண்டிருக்கும்!

காத்திருக்கிற ஆசாமியா பிராங்க் குரோ? 1882-ல் கனடாவில் பிறந்தவர். கல்லூரியில் ஓர் அரசாங்க இஞ்சினீயரின் பிரசங்கத்தைக் கேட்டு, அணைக்கட்டுகளிடம் மனசைப் பறிகொடுத்தார். சர்க்கார் இலாகாவில் இருபது வருஷம் உழைத்தார். அணை வேலைகள் கண்டிராக்டர்கள் கைக்குப் போனதும், மேஜையடியில் முடங்க மனமில்லாமல் 1925-ல் உத்தியோகத்தை உதறிவிட்டு அவர்களிடமே போய்ச் சேர்ந்தார். 'அவசரக் குரோ' என்பது அவருக்கு ஊரார் வைத்த பெயர்.

1931-ல் ஹூவர் அணை வேலை தொடங்கியது. ஏழு வருஷக் கெடு. வேலையில்லாத் திண்டாட்டக் காலம். பெண்டு பிள்ளைகளோடு வந்து ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தார்கள், பாவம். குடியிருக்க ஊர் எழும்புமுன்பே குரோ பாறையைக் குடைய ஆரம்பித்துவிட்டார். அந்தக் கோடையில் வெயில் தாங்காமல் பலர் மாண்டார்கள். ஆகஸ்டில் சிலருடைய கூலியைக் குறைக்கவே, வேலைநிறுத்தம் வந்தது. குரோ இறங்கி வரவில்லை.

நதியைச் சுரங்கங்கள் வழியே திருப்பிவிட்டு, 1933 ஜூனில் காங்கிரீட் போடத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கின் மேலே கட்டிய இரும்பு வடங்களில், இருபது டன் சுமையோடு வாளிகள் பறந்து வந்தன. இந்த வித்தையில் குரோ மன்னர். ஐந்தைந்து அடியாகக் கட்டி கட்டியாய் வார்த்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அங்குலக் குழாய்களைப் புதைத்து, அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். இந்த யோசனை சர்க்கார் நிபுணர்களுடையது. குழாய்களின் நீளம் சுமார் 580 மைல்!

முதல் கோடையில் கூடாரத்தில் கிடந்தவர்களுக்குக் குடிக்க இருந்தது கலங்கலான ஆற்றுத் தண்ணீர்தான்.

கெடுவுக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே அணை முடிந்தது. 1936-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு மின்சாரம் போயிற்று. வேலையில் இறந்தவர்கள் 96 பேர் என்கிறது சர்க்கார் கணக்கு. வெயிலுக்குப் பலியானவர்கள் அதில் சேர்த்தியில்லை. காங்கிரீட்டுக்குள் ஆட்கள் புதைந்து கிடப்பதாகச் சொல்வது மட்டும் வெறும் கட்டுக்கதை.

குரோ அதன் பிறகும் ஓயவில்லை. கலிபோர்னியாவில் சாஸ்தா அணையைக் கட்டினார். அது 1945-ல் முடிந்தது. மறு வருஷமே அவர் காலமானார்.