விலைக்கு வாங்கும் முகங்கள்

அஞ்சல் தலை சேகரிப்போரை நாம் அறிவோம். முகங்களைச் சேகரிப்போரும் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? இணையத்தில் ஒருவர் தம் பெயருக்கருகே வைத்துக்கொள்ளும் சிறு படத்தை 'அவதார்' என்பர். நாம் அவதாரம் என்கிறோமே, அதே சொல்தான்.

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மாட் ஹால், ஜான் வாட்கின்சன் என்னும் இருவர் 'கிரிப்டோபங்க்ஸ்' என்ற பெயரில் 10,000 முகங்களைக் கணிப்பொறியால் உருவாக்கி வெளியிட்டனர். ஒவ்வொன்றும் நீளத்தில் 24, அகலத்தில் 24 புள்ளிகளே கொண்டது. முதலில் அவற்றை இலவசமாகவே வழங்கினர். அவற்றுள் ஆண் முகங்கள் 6,039. பெண் முகங்கள் 3,840 மட்டுமே. (அங்குமா இந்தக் குறை!) வேற்றுலகவாசி முகங்களோ 9 தான். அரியவை என்பதால் அவற்றிற்கே மதிப்பு மிகுதி. 2021 ஆகஸ்டில் விசா நிறுவனம் ஒரு பெண் முகத்தைச் சுமார் 1,50,000 டாலருக்கு வாங்கிற்று.

படத்தை யாரும் நகலெடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். ஆனால் அது எந்தக் கணக்கிற்கு உரியது என்பது 'எதீரியம்' என்னும் பொதுப் பேரேட்டில் பதிந்திருக்கும். படத்தை விட அந்தப் பதிவே பெருமை தருகிறது. 2022 ஜனவரியில் ட்விட்டர் நிறுவனம், சந்தா கட்டியவர்கள் இத்தகைய உரிமையை மெய்ப்பித்தால் அவர்கள் படத்தை அறுகோணச் சட்டத்தில் காட்டத் தொடங்கியது, மற்றவர்க்கு வட்டம்தான். யார் உள்ளே, யார் வெளியே என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பள்ளித் தலைவியின் பேட்ஜும் தூரத்திலேயே தெரிகிறது. ஆனால் அது கடையில் கிடைப்பதில்லை. அறுகோணத்திற்கோ பணம் இருந்தால் போதும். 2024 ஜனவரியில் அந்நிறுவனமே அவ்வசதியைக் கைவிட்டது.