முதலில் எண்ணெய், பிறகு பசை

ஈரச் சுவரில் போஸ்டர் ஒட்டாது. ஒட்டவேண்டிய பரப்பில் தண்ணீர் முந்திக்கொண்டு இடம்பிடித்திருப்பதால், பசைக்குப் பரப்பைத் தொடவே வாய்ப்பில்லை. கடலுக்குள்ளேயே இருந்துகொண்டு ஒட்டுவது எப்படி? இதற்கு விடை வைத்திருக்கிறது, அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு லார்வா.

படகின் அடிப்பாகத்தில் சுண்ணாம்புச் சொரசொரப்பாய் அப்பிக் கிடக்கும் கொட்டலசின், அதாவது பார்னக்கிளின், பிள்ளை அது. ஓட்டைப் பார்த்தால் சிப்பி இனம் போலிருக்கும்; உண்மையில் நண்டுக்கும் இறாலுக்கும்தான் சொந்தம். லார்வாவின் கடைசிப் பருவத்துக்கு சைப்ரிட் என்று பெயர். இந்தப் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பு தீர்வதற்குள் இடம் பார்த்தாக வேண்டும். ஒட்டிவிட்டால் ஆயுளுக்கும் அதே இடம்தான்.

அதனால் அவசரப்படுவதில்லை. இரண்டு உணர்கொம்புகளைக் கால்களாக ஊன்றிப் பாறைமேல் நடக்கிறது. கொம்பு நுனியில் நுண்மயிர் அடர்ந்த வட்டத் தட்டு. அதில் கசியும் தற்காலிகப் பசை பிடித்துக்கொள்ளும், இழுத்தால் விட்டுவிடும். தட்டு பதிந்த இடத்தில் கொஞ்சம் புரதம் தங்கிவிடும். பின்னால் வரும் சைப்ரிட்டுகளுக்கு அதுவே அழைப்பு. நகரமுடியாத உயிருக்கு இணை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே!

இடம் பிடித்துப்போனால் நிரந்தரப் பசை வெளிவரும். இதைச் சுரக்கும் சுரப்பிகளை டார்வினே ஆராய்ந்திருக்கிறார். கொட்டலசுகளோடு 8 ஆண்டுகள் மல்லுக்கட்டியவர், அந்தச் சுரப்பிகள் சினைப்பையின் மாறிய வடிவம் என்று நினைத்துவிட்டார். அந்த ஊகம் நிற்கவில்லை.

பசையின் சூட்சுமம் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவானது. சைப்ரிட் ஒட்டும்போதே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முதலில் வந்தது கொழுப்பு, அதன் பின்னால்தான் பாஸ்பேட் ஏறிய புரதம். எண்ணெய்த்தன்மையுள்ள கொழுப்பு பரப்பிலிருந்து தண்ணீரை ஒதுக்கித் தள்ள, அந்த இடத்தில் புரதம் பிடிக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஒட்டும் வலுவைவிட இந்த வரிசைதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பொறியாளர்கள் அதே வரிசையைக் கடன்வாங்கி, 2021-இல் இரத்தக்கசிவை அடைக்கும் பசை ஒன்றை வெளியிட்டார்கள். சிலிக்கோன் எண்ணெயில் ஒட்டும் நுண்துகள்களைக் கலந்திருந்தார்கள். காயத்தில் வைத்து அழுத்தினால் எண்ணெய் இரத்தத்தை விலக்கும். துகள்கள் திசுவைப் பற்றும். எலிகளிலும் பன்றிகளிலும் சோதித்தபோது, சுமார் 15 விநாடிகளில் கசிவு அடைபட்டது.