எண் பலகையைப் பார்த்து ஏறுங்கள்

மலைமேல் நடக்க வருகிறவர்களும் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஒன்றுபோலச் செய்கிற பிழைகள் இரண்டு உண்டு. வழியில் வருகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, அது எந்த வகை வண்டி, யாருடையது, தாம் அதில் எங்கே உட்காரப் போகிறோம் என்பவற்றுள் ஒன்றையும் கேளாமல் ஏறிக்கொள்வது ஒன்று. அந்த வண்டி கவிழ்ந்து அடிபட்டால், ஆஸ்பத்திரியில் கேட்கப்படும் முதல் கேள்விக்கே பொய் சொல்வது மற்றொன்று. முதற்பிழை பல சந்தர்ப்பங்களில் தவிர்க்க இயலாதது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். இரண்டாவது முழுக்க முழுக்க நம் கையில் இருப்பது. அப்படியிருந்தும் குடும்பங்களைத் தெருவில் நிறுத்துவது அதுவாகவே இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றாகிய எடப்புளி நாட்டின் சிற்றூர்களிலிருந்து செம்மேட்டுத் தாலுக்கா ஆபீசுக்கோ, சோளக்காட்டுச் சந்தைக்கோ, அறப்பளீசுவரர் கோயிலுக்கோ போக வேண்டியவர், ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்காக எவ்வளவு நேரம் சாலையோரத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்த எவரும், "அண்ணா, செம்மேடு வரைக்கும் ஏறிக்கட்டுமா?" என்று கேட்பவரைக் குறை சொல்ல மாட்டார். மிளகும் வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றிப் போகிற பிக்கப் வேன்களும், குட்டியானை என்று எல்லோரும் அழைக்கிற சிறு சரக்கு வண்டிகளும்தாம் இம்மலையின் மெய்யான போக்குவரத்து. புளியஞ்சோலைப் பக்கமிருந்து காட்டுவழியாக ஆகாய கங்கை அருவிக்கு நடந்து ஏறிவருகிற வெளியூர் இளைஞர்களும் கால் ஓய்ந்தபின் இந்த வண்டிகளையே கைகாட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில் மாதக்கணக்காக நடப்பவர்கள், பாதை தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, முன்பின் அறியாதவரின் காரில் ஏறிப் பக்கத்து ஊருக்குச் சென்று அரிசி பருப்பு வாங்கித் திரும்புவது அங்கே நெடுநாளைய வழக்கம். நம் இளைஞர்கள் அதைக் கேட்டும் பார்த்தும் ஆசைப்படுகிறார்கள், ஆசையில் தவறில்லை. ஆனால் அங்கே நிற்பது பெரும்பாலும் கார். இங்கே நிற்பது சரக்கு வண்டி. இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது நம் சட்டத்தின் முழுச் சிக்கலும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் கட்டாயப் பாதுகாப்பு சரக்கு வண்டியில் ஓசியாக ஏறியவரையும் காக்குமா என்ற கேள்விக்கு, காக்கும் என்று ஒரு காலத்தில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, காக்காது என்று தீர்ப்பளித்துவிட்டது. 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ தம் சரக்கோடு பிரயாணம் செய்தால் அவருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு; அவரும் மூட்டைகளின் மேல் உட்காராமல் டிரைவரின் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பிந்திய தீர்ப்பு ஒன்று இன்னும் இறுக்கியிருக்கிறது. ஆகவே தம் மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போகிற விவசாயி கேபினில் இடம் கேட்டு உட்கார்வதும், எத்தனை மூட்டை, யாருடையது, எங்கே போகிறது என்று எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் அற்ப காரியங்கள் அல்ல. அந்தச் சீட்டே பின்னொரு நாள் அவர் மனைவிக்குச் சாட்சியமாகலாம்.

பின்புறத் தட்டில் நின்றுகொண்டு போகிறவருக்கு இந்தச் சட்டம் தருவது மிகச் சொற்பம். 2022 ஏப்ரல் 2 அன்று ஜவ்வாது மலையில், கோயிலுக்குப் போன ஏழை மக்களை ஏற்றிய வேன் பள்ளத்தில் உருண்டு, பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதைச் செய்தித்தாளில் படித்துப் பெருமூச்சு விட்ட நாம், மறுவாரமே திருவிழாவுக்குச் சரக்கு வண்டியில் கூட்டமாக ஏறினோம். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் இதைத் தடுக்க வேண்டிய உத்தியோகஸ்தர்கள், ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவின்போது காட்டுகிற கெடுபிடியை வருஷம் முழுவதும் காட்டினால் நன்றாக இருக்கும். மலைக்குப் போதிய பஸ் விட்டால் அதைவிட நன்றாக இருக்கும்.

இன்ஷூரன்ஸ் காக்காது என்பதால் ஒன்றுமே கிடைக்காது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வண்டியின் உரிமையாளர் எப்போதும் பொறுப்பாளியே. உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவர். வண்டியை விற்றுவிட்டேன், பெயர் மட்டும் மாற்றவில்லை என்கிற சாக்கு செல்லாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேலும், ஓசிப் பிரயாணிகளின் வழக்குகள் சிலவற்றில், முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2017-இலும் 2019-இலும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இது உரிமையன்று, நீதிமன்றத்தின் கருணையை ஒட்டியது. எனினும் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு முன் ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரத்தைத்தான் நாம் முதல் நாளே பாழாக்கிவிடுகிறோம்.

அடிபட்டவரைச் செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கோ நாமக்கல்லுக்கோ கொண்டுபோனதும், பணியிலிருக்கும் டாக்டர், எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது, எந்த வண்டி, அழைத்து வந்தவர் யார் என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். அதன் நகலைத்தான் கோர்ட்டில் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். அந்த நேரத்தில், வண்டி ஓட்டியவன் நம் ஊர்ப் பையன், போலீஸ் பிடித்துப்போய்விடும் என்று பயந்து, "கல்லில் தடுக்கி விழுந்துவிட்டார்" என்றோ, "அடையாளம் தெரியாத வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது" என்றோ உறவினர் சொல்லிவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து ஊரில் பஞ்சாயத்துப் பேசி ஒப்புக்கொண்ட பணம் வராமல் போன பிறகு, உண்மையைச் சொல்லிப் புகார் எழுத ஓடுகிறார்கள். கம்பெனி வக்கீல் செய்ய வேண்டியது அதன்பின் ஒன்றுமில்லை, ஏ.ஆர். காப்பியில் ஒரு கதை, எஃப்.ஐ.ஆரில் வேறொரு கதை என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

டிரைவரைப் பற்றிய அந்தப் பயமும் பெரும்பாலும் ஆதாரமற்றது. கவனக்குறைவால் நேர்ந்த மரணத்துக்குரிய பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவு ஜாமீனில் விடத்தக்க குற்றமே. நஷ்டஈட்டு வழக்கோ சிவில் தன்மையுடையது. உண்மை சொல்வதால் பையன் தூக்குமேடை ஏறப்போவதில்லை. மாறாக, வண்டியின் எண்ணை மறைத்தால், இறந்தவரின் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அடையாளம் தெரியாத வண்டி மோதிய விபத்துக்குச் சர்க்கார் தருகிற 2 லட்சம் ரூபாய் மட்டுமே. பலத்த காயமானால் அதிலும் 50 ஆயிரமே. அதையும் பொய் சொல்லி வாங்குவது தனிக் குற்றம். எண் தெரிந்த வண்டியாயின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி எவர் தவறு என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று கோரலாம். தவறை நிரூபித்தால் 166-ஆம் பிரிவின்படி அதற்கு மேலும் கோரலாம்.

ஆகையால் சொல்கிறேன்: டாக்டரிடம் வண்டியின் எண்ணைச் சொல்லுங்கள், அதை அவர் எழுதினாரா என்று பாருங்கள். ஏறுவதற்கு முன்பே எண் பலகையைப் போனில் படம் பிடித்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டால், மயங்கிக் கிடக்கும் நேரத்திலும் எண் தொலையாது. தனியே நடக்க வருகிற பெண்களுக்கு இது இரட்டைக் காப்பு. எம்-பரிவாகன் என்ற சர்க்கார் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால், வண்டி எவ்வகைப்பட்டது, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மலையில் விபத்து நேர்ந்தால் அந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் புகார் தருவதே முறை. எல்லை எதுவென்று தெரியாவிட்டால் எந்த நிலையத்திலும் தரலாம், எல்லையைக் காரணம் காட்டி மறுக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் படிவ அறிக்கையை மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும்; 10 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் இரண்டாம் படிவத்தை அவர் கையில் தர வேண்டும்; 90 நாட்களுக்குள் டி.ஏ.ஆர். எனப்படும் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இந்த இரண்டாம் படிவத்தைக் கண்ணால் பார்த்த மலைவாசி ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. அது தமிழில் அச்சிட்டு நிலைய வாசலிலேயே அடுக்கி வைக்க வேண்டிய காகிதம். கேளுங்கள்; தரவில்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

டி.ஏ.ஆர். அறிக்கையையே மனுவாக ஏற்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவர் ஏமாறுவார். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது இப்போதைய 166(3). இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்திருக்கின்றன; அவற்றின் முடிவை எதிர்பார்த்துத் தாமதிக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் என்று சுவரில் எழுதி வையுங்கள். மனுவை நாமக்கல்லில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை: விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்த இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். எடப்புளி நாட்டில் அடிபட்ட சென்னை மாணவன் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம்.

மனுவோடு எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பர்மிட், டிரைவரின் லைசென்ஸ் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். இறந்தவர் வழக்கானால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருகிறவர் தாசில்தார். கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையிலேயே வாரக்கணக்கில் அது தேங்குவதுண்டு என்பதால், கருமாதி முடிந்த மறுநாளே விண்ணப்பிப்பது விவேகம். கூலி வேலைக்குப் போனவருக்கு வருமானச் சான்று இல்லையே என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வியாபாரியிடம் மிளகு போட்ட சீட்டு, வேலை உறுதித் திட்ட அட்டை, பாங்கிப் புத்தகம் எதுவும் உதவும்.

கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துள்ள சொந்தக் காரில் ஏறி, இறங்கும்போது, "பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று நூறு ரூபாய் நீட்டுவது நமக்கு மரியாதையாகத் தோன்றும். வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லிக் கம்பெனி கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். நன்றியை வாயால் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறுகிறவர், அந்த வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால் தமக்குப் பாதுகாப்பில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியதை நினைவில் வைக்கட்டும். முழுப் பாலிசி இருந்தால் பின்னால் இருப்பவருக்கும் உண்டு. எதுவாயினும் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள்.

சிகிச்சைக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய சர்க்கார் திட்டத்தில் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை உண்டு. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு. ஆகவே வழியில் கிடப்பவரைப் பார்த்துவிட்டு நமக்கேன் வம்பு என்று வண்டியைத் திருப்பிப் போகிறவர்களுக்கு இனிச் சட்டம் சாக்காகாது.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சுகிறவர்கள் நாமக்கல் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பழங்குடியினர், பட்டியல் இனத்தார், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு; கொல்லிமலை மலையாளிகள் அட்டவணைப் பழங்குடியினர் ஆதலால் சாதிச் சான்றிதழின் நகல் ஒன்றையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் பாதி எனக்கு என்று வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிற தரகரிடம் மட்டும் எந்தக் காகிதத்தையும், நகலாயினும், கொடுத்துவிடாதீர்கள்.