ஒரு கணிப்பொறி, இரண்டு இயக்க முறைமைகள்

ஒரே கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்போர் உண்டு. பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் அது இயங்கத் தொடங்கும். இந்தப் பட்டியலைக் காட்டுவது எது?

வயற்காட்டில் பம்பு செட்டைப் பார்த்திருப்பீர்கள். நீரை இறைக்கும் அப்பம்புக்கே முதலில் ஒரு குடம் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். கணிப்பொறியின் நிலையும் இதுதான். மின்சாரம் பாய்ந்த கணத்தில் அதன் நினைவகம் வெறுமையாக இருக்கும். வன்தட்டிலுள்ள இயக்க முறைமையை நினைவகத்தில் ஏற்ற வேறொரு நிரல் வேண்டும். தாய்ப்பலகையின் சில்லு ஒன்றில் நிலையாகப் பதிந்துள்ள 'பயாஸ்' என்னும் நிரலே அந்த முதற்குடம் நீர். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே இது இருந்தது.

பயாஸ் வன்தட்டின் முதற்கூறை மட்டும் படிக்கும். அதன் அளவு 512 பைட்டுகள். கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறி. அவற்றின் மதிப்பு 85, 170. அதற்கு முந்தைய 64 பைட்டுகள், தட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது எனக் கூறும் அட்டவணை. எஞ்சுபவை 446 பைட்டுகளே! பட்டியல் காட்டும் நிரல் இதில் அடங்குமா?

அடங்காது. ஆகவே 'க்ரப்' போன்ற தொடக்க நிரல்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. முதற்கூறிலுள்ள சிறு பகுதி, அதற்கடுத்த இடைவெளியிலுள்ள பெரிய பகுதியை நினைவகத்தில் ஏற்றும். அது கோப்புகளைப் படித்துப் பட்டியலைக் காட்டும். லினக்சைத் தேர்ந்தெடுத்தால் அதன் கருவை நேரே ஏற்றும். விண்டோஸ் என்றால் விண்டோசின் சொந்தத் தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும்.

முதற்கூறு ஒன்றே என்பதுதான் சிக்கல். லினக்சுக்குப் பின் விண்டோசை நிறுவினால், அது அங்கே தன் கட்டளைகளை எழுதிவிடும். பட்டியல் மறையும். லினக்சும் கோப்புகளும் அழிந்தன என்று பலர் அஞ்சுவர். ஆனால் அழிந்தது வழிகாட்டிப் பலகைதான். ஊர் அங்கேயே இருக்கிறது! குறுந்தட்டிலிருந்து லினக்சை இயக்கி, க்ரப்பை மீண்டும் பதித்தால் போதும். விண்டோசை முதலிலும் லினக்சைப் பின்னும் நிறுவுவது இதனால்தான். தட்டைப் பிரிப்பதில் தவறினால் மட்டும் கோப்புகள் உண்மையாகவே அழியக்கூடும். எனவே முன்னதாகப் படி எடுத்து வையுங்கள்.

இன்றைய கணிப்பொறிகளில் பயாசின் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. உள்ளது. தட்டின் ஒரு சிறு பிரிவில் ஒவ்வொரு முறைமையின் தொடக்க நிரலும் தனித்தனி அடைவில் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை எழுதத் தேவையில்லை. எது முந்த வேண்டும் என்ற வரிசையை அமைத்தால் போதும்.